வழிகாட்டி நாயோடு ஒருவர் கோரிமேடு ஜிப்மருக்கு வந்தால் உள்ளே விடணுமா? சட்டம் என்ன சொல்லுது? முழு விளக்கம்

ஆஸ்பத்திரி வளாகத்தில் நாய் என்றாலே இப்போ எல்லோருக்கும் ஞாபகம் வருவது தெரு நாய் பிரச்னைதான். மருத்துவமனை, பள்ளி, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், விளையாட்டு மைதானம் போன்ற இடங்களில் இருந்து தெரு நாய்களை அகற்றி காப்பகத்தில் விட வேண்டும் என 2025 நவம்பர் 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்றும் சொன்னது.

ஆனால் எல்லா நாயும் தெரு நாய் இல்லை. வேலை பார்க்கும் நாயும் இருக்கு. பார்வையில்லாத ஒருவர், பயிற்சி பெற்ற வழிகாட்டி நாயின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வந்தது டாக்டரைப் பார்க்க. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி என்ன செய்யணும்? 'நாயை வெளியே கட்டிட்டு வாங்க' என்று சொன்னால் அது சரியா?

வெளியே கட்டிவிட்டால் அவர் உள்ளே எப்படிப் போவார் என்பதுதான் இங்கே கேள்வியே. வழிகாட்டி நாய் என்றால் என்ன, அதற்கும் அதன் உரிமையாளருக்கும் உள்ள பந்தம் எப்படிப்பட்டது, இந்தியாவில் ஏன் இதை அதிகம் பார்க்க முடியவில்லை, சட்டம் யார் பக்கம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சேவை நாய் என்றால் என்ன? வீட்டு நாய்க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

மூன்று வகை இருக்கு. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி பிரச்னை வருது.

முதல் வகை சேவை நாய். ஒரு குறிப்பிட்ட மாற்றுத்திறனாளிக்கு, அவருடைய குறைபாட்டால் செய்ய முடியாத ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்ய பயிற்சி பெற்ற நாய். பார்வையில்லாதவரை அழைத்துச் செல்லும் வழிகாட்டி நாய் இதில் மிகப் பழையது. காது கேளாதவர்களுக்கு காலிங் பெல், அலாரம், குழந்தை அழும் சத்தம் கேட்டால் காலால் தட்டிக் கூப்பிடும் நாய் இருக்கு. வீல்சேரில் இருப்பவர்களுக்கு கீழே விழுந்த சாவியை எடுத்துத் தருவது, கதவில் கட்டிய கயிற்றை இழுத்துத் திறப்பது, லைட் சுவிட்சைப் போடுவது போன்ற வேலை செய்யும் நாய் இருக்கு. வலிப்பு வந்தால் உதவிக்கு ஆள் கூப்பிடும் நாய், சர்க்கரை அளவு திடீரென இறங்கும்போது எச்சரிக்கும் நாய் கூட உண்டு. சர்க்கரை விஷயத்தில் மட்டும் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. அதனால் பரிசோதனைக் கருவியைத் தூக்கி எறிந்துவிட்டு நாயை மட்டும் நம்பக் கூடாது.

இரண்டாவது, தெரபி நாய். இது ஒருவருக்கான நாய் இல்லை. பயிற்சியாளரோடு மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம் என்று போய் பலருக்கும் ஆறுதல் தரும் நாய். இந்தியாவில் இந்த வகை ஓரளவு வளர்ந்திருக்கு. மும்பையின் அனிமல் ஏஞ்சல்ஸ் ஃபவுண்டேஷன் இதில் தெரிந்த பெயர்.

மூன்றாவது, மன ஆறுதலுக்காக வளர்க்கும் நாய். பக்கத்தில் இருப்பதே இதன் உதவி. தனிப் பயிற்சி கிடையாது. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதை சேவை நாயாக ஏற்பதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், பயிற்சியும் வேலையும்தான் அளவுகோல். ஆன்லைனில் ஒரு ஜாக்கெட்டும் அடையாள அட்டையும் வாங்கி மாட்டிவிட்டால் வீட்டு நாய் சேவை நாய் ஆகிவிடாது.

இது எங்கே தொடங்கியது?

முதல் உலகப் போரில். விஷவாயுவாலும் குண்டுவெடிப்பாலும் பார்வை இழந்த வீரர்களுக்காக, 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது.

அடுத்த திருப்பம் ஒரு பத்திரிகைக் கட்டுரையால் வந்தது. சுவிட்சர்லாந்தில் போலீஸ் நாய்களுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ், ஜெர்மன் பள்ளியைப் பற்றி 1927 நவம்பரில் ஒரு அமெரிக்க வார இதழில் எழுதினார். அதைப் படிக்கக் கேட்ட டென்னஸி மாகாணத்து இளைஞர் மோரிஸ் ஃபிராங்க், எனக்கும் ஒரு நாய் வேண்டும் என்று அவருக்குக் கடிதம் போட்டார். ஃபிராங்க் பார்வையில்லாதவர். 1928-ல் சுவிட்சர்லாந்து போய் 'படி' என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் பெண் நாயோடு பயிற்சி முடித்துத் திரும்பினார்.

நியூயார்க் துறைமுகத்தில் நிருபர்கள் கூடியிருந்தார்கள். ஆபத்தான வெஸ்ட் ஸ்ட்ரீட்டைக் கடந்து காட்ட முடியுமா என்று சவால் விட்டார்கள். படி அவரைப் பத்திரமாக மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஃபிராங்க் யூஸ்டிஸுக்கு அனுப்பிய தந்தியில் 'வெற்றி' என்ற பொருளில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. 1929-ல் இருவரும் சேர்ந்து 'தி சீயிங் ஐ' என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். இன்றும் அது நியூஜெர்சி மாகாணத்தில் இயங்குது. பிரிட்டனில் 1931-ல் ஜூடி, ஃப்ளாஷ், ஃபாலி, மெட்டா என்ற நான்கு நாய்களோடு இது தொடங்கியது.

நாய்க்கு வழி எப்படித் தெரியும்?

தெரியாது. இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம்.

'ஜிப்மர் ஓ.பி.க்குப் போ' என்று சொன்னால் நாய் கூட்டிக்கொண்டு போகும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. வழியை மனதில் வைத்திருப்பது மனிதர். எங்கே இடதுபக்கம் திரும்பணும், எத்தனையாவது சந்து, எங்கே ரோட்டைக் கடக்கணும் என்பதை முடிவு செய்வது அவர்தான். நாயின் வேலை, அந்த வழியில் குழி, படிக்கட்டு, நிறுத்தி வைத்த பைக், தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஆகியவற்றில் அவர் மோதாமல் கொண்டுபோவது. படி வந்தால் நிற்கும். ரோட்டின் ஓரம் வந்தால் நிற்கும்.

சிக்னலையும் நாய் பார்த்துச் சொல்லாது. நாய்களுக்குச் சிவப்பையும் பச்சையையும் நம்மைப் போலப் பிரித்துப் பார்க்க முடியாது. வண்டிகள் எந்தப் பக்கம் ஓடுது, எந்தப் பக்கம் நிற்குது என்பதைக் காதால் கேட்டு 'போகலாம்' என்று உத்தரவு தருவது மனிதர்.

சரி, அவர் கணிப்பு தப்பாகிவிட்டால்? அங்கேதான் இந்தப் பயிற்சியின் உச்சம் இருக்கு. 'போ' என்று சொன்னாலும், எதிரே வண்டி வந்தால் நாய் நகராது. அறிந்தே கீழ்ப்படியாமல் இருப்பது என்று இதைச் சொல்லலாம். சொன்னதைக் கேட்பது எந்த நாய்க்கும் கற்றுத்தர முடியும். சொன்னதை எப்போது கேட்கக் கூடாது என்று கற்றுத்தருவதுதான் கஷ்டம்.

இதற்கு லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் இனங்களை அதிகம் தேர்வு செய்கிறார்கள். குட்டியாக இருக்கும்போது தன்னார்வலர் வீடுகளில் சுமார் ஒரு வருஷம் வளரும். கூட்டம், சத்தம், லிஃப்ட், பஸ் எல்லாம் அங்கே பழகும். பிறகு பள்ளியில் பல மாதங்கள் முறையான பயிற்சி. கடைசியில், யாருக்கு அந்த நாய் போகிறதோ அவரோடு சேர்த்து சில வாரங்கள் பயிற்சி. சேர்ந்த எல்லா நாயும் தேறுவதில்லை. பட்டாசு சத்தத்துக்குப் பயப்படும் நாய், பூனையைப் பார்த்தால் ஓடும் நாய் எல்லாம் பாதியிலேயே கழன்றுவிடும்.

அந்தப் பந்தம் எப்படி உருவாகுது?

யாருக்கு எந்த நாய் என்பதைக் குலுக்கல் போட்டு எடுப்பதில்லை. நடக்கும் வேகம், உயரம், சுபாவம், வேலைக்குப் போகிறவரா, வீட்டில் இருப்பவரா, ஊர் நெரிசலா, கிராமமா என்று பார்த்து ஜோடி சேர்க்கிறார்கள். கிட்டத்தட்ட நம்ம ஊர் பொருத்தம் பார்ப்பது மாதிரிதான்.

ஜோடி சேர்ந்த மறுநாளே நம்பிக்கை வந்துவிடாது. வெள்ளைக் கோலைப் பிடித்து நடந்தவருக்கு, எதிரே இருப்பதைக் கோல் தொட்டுச் சொல்லும். நாயோடு நடக்கும்போது எதையும் தொடவே மாட்டார். ஏனென்றால் நாய் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அங்கே என்ன இருந்தது என்று கூட அவருக்குத் தெரியாது. பட்டையில் வரும் சின்ன அசைவை மட்டும் நம்பி அடுத்த அடியை வைக்கணும். இந்த நம்பிக்கை வளர மாதங்கள் ஆகும் என்பதுதான் பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்வது.

அது வளர்ந்தபின் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று இருக்கு. 2001 செப்டம்பர் 11. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் 78-வது மாடியில் இருந்தார் மைக்கேல் ஹிங்சன். பிறவியிலேயே பார்வையில்லாதவர். மேஜைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது அவருடைய வழிகாட்டி நாய் ரோசெல். விமானம் மோதியதும் புகையும் கூச்சலுமாக இருந்த படிக்கட்டில், 1,400-க்கும் மேற்பட்ட படிகளை இருவரும் சேர்ந்து இறங்கி உயிர் பிழைத்தார்கள். ஹிங்சன் பிறகு இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: நாய் என்னைக் காப்பாற்றியது என்று மட்டும் சொல்லாதீர்கள், நாங்கள் ஒரு டீமாக வெளியே வந்தோம். நாய் பயப்படாமல் இருந்ததால் அவரும் நிதானமாக இருந்தார். அவர் குரல் நடுங்காததால் நாயும் நிதானமாக நடந்தது.

இன்னொன்று பிரிட்டனில். 1991 வளைகுடாப் போரில் தலையில் அடிபட்டு, நினைவையும் பேச்சையும் பெருமளவு இழந்து வீல்சேருக்கு வந்தவர் கடற்படை வீரர் ஆலன் பார்ட்டன். எண்டல் என்ற லேப்ரடார் அவருடைய கை சைகைகளைப் புரிந்துகொண்டு வேலை செய்தது. 2001-ல் ஒரு கார் மோதி அவர் வீல்சேரில் இருந்து விழுந்தபோது, எண்டல் அவரைச் சரியான நிலையில் இழுத்துக் கிடத்தி, போர்வையைப் போர்த்தி, போனைத் தேடிக் கொடுத்து, பிறகு ஓடிப்போய் ஆட்களை அழைத்து வந்தது. ஏ.டி.எம்.மில் அவருக்காகக் கார்டை எடுத்துத் தந்த நாய் என்றும் எண்டல் பேசப்பட்டது.

அறிவியலும் இதைக் கொஞ்சம் விளக்குது. நாயும் அதன் உரிமையாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் அதிகரிப்பதாக 2015-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் இடையே வேலை செய்யும் அதே ஹார்மோன்.

நம்ம ஊருக்கும் இது புதுசு இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கு. 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயும் அந்தக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கு. நாயின் பெயரையும் கல்லில் எழுதி வைத்தார்கள்: கோவிவன்.

பிரிவு எப்போது வருது?

இந்தப் பந்தத்தின் கஷ்டமான பக்கம் இது. ஒரு வழிகாட்டி நாய் சுமார் இரண்டு வயதில் வேலைக்கு வந்தால், ஒன்பது பத்து வயதில் ஓய்வு பெறணும். மூட்டு வலி, பார்வை மங்குவது, நடை தளர்வது என்று முதுமை வந்துவிடும். அப்போது அந்த மனிதருக்கு அடுத்த நாய் தேவை. பழைய நாயை அவரே வீட்டு நாயாக வைத்துக்கொள்ளலாம், அல்லது சொந்தக்காரர்களிடமோ நண்பர்களிடமோ கொடுக்கலாம். ஆனால் பட்டையை இன்னொரு நாய்க்கு மாட்டிக் கிளம்பும்போது வாசலில் நின்று பார்க்கும் பழைய நாயை நினைத்தே பலர் தள்ளிப்போடுவார்கள்.

20 வயதில் முதல் நாயை வாங்கும் ஒருவர், வாழ்நாளில் ஐந்தாறு நாய்களோடு வாழ்ந்து, ஐந்தாறு முறை பிரிய வேண்டியிருக்கும். முதலில் பார்த்த மோரிஸ் ஃபிராங்க், படி 1938-ல் இறந்த பிறகு வந்த தன் ஒவ்வொரு நாய்க்கும் 'படி' என்றே பெயர் வைத்தார்.

இந்தியாவில் ஏன் பார்க்க முடியவில்லை?

2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அதில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம். புதுச்சேரியில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 30 ஆயிரம் பேர். ஆனால் வழிகாட்டி நாயோடு நடப்பவரைப் பார்ப்பது ரொம்ப அரிது. காரணங்கள் இவை:

பயிற்சிப் பள்ளி: பிறப்பு முதல் ஓய்வு வரை ஒரு நாய்க்கு ஆகும் செலவு பெரிது. வெளிநாடுகளில் அதை நன்கொடைதான் சுமக்குது. 'தி சீயிங் ஐ' முதல் நாய்க்கு 150 டாலர் மட்டுமே வாங்குது. பிரிட்டனில் பெயருக்கு 50 பென்ஸ். இங்கே அப்படி ஒரு பெரிய ஏற்பாடு உருவாகவில்லை.

தெரு நாய்கள்: புதுத் தெருவுக்குள் ஒரு வீட்டு நாய் போனால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நாலு நாய் குரைத்துக்கொண்டு சுற்றி வரும்போது, வழிகாட்டி நாய் கவனம் சிதறாமல் இருக்கணும். ஒரு முறை கடிபட்டால் அந்த நாய் மறுபடி வேலைக்குத் திரும்ப முடியாமல் கூடப் போகலாம்.

ரோடு: நடைபாதையின் ஓரத்தைப் பிடித்து நடப்பதுதான் அடிப்படைப் பயிற்சி. நடைபாதையே இல்லாத இடத்தில், அல்லது இருந்தும் கடையும் பைக்கும் நிற்கும் இடத்தில், நாய் ரோட்டில்தான் இறங்கணும்.

வெயில்: மே மாதத் தாரில் நம்மால் வெறுங்காலோடு நிற்க முடியாது. நாய்க்கும் அதே பாதம்தான். புறங்கையை ஐந்து விநாடி தாரில் வைத்துப் பார்த்து, சூடு தாங்கவில்லை என்றால் நாயைக் கூட்டிப்போகக் கூடாது என்பது உலகம் முழுக்கச் சொல்லும் எளிய சோதனை.

எல்லாவற்றுக்கும் மேல் நுழைவு உரிமை: ஓட்டலில் விடவில்லை, பஸ்ஸில் ஏற்றவில்லை என்றால் நாய் இருந்தும் பயனில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

நேரடியாகச் சொன்னால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் 'வழிகாட்டி நாய்' என்ற சொல் இல்லை. அப்போ உரிமை இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது.

அந்தச் சட்டத்தில் 'நியாயமான வசதி ஏற்பாடு' என்ற கருத்து இருக்கு. மற்றவர்களுக்குச் சமமாக ஒரு மாற்றுத்திறனாளி தன் உரிமையை அனுபவிக்க, தேவையான, அளவுக்கு மீறிய சுமை தராத மாற்றங்களைச் செய்து தரணும் என்பது அதன் பொருள். அதை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் விளக்கப் பிரிவு சொல்லுது.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் தெளிவாக இருக்கு. 25-வது பிரிவின்படி, அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகல் இருக்கணும். சிகிச்சையில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமையும் தரணும்.

இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போகுது. அதன் 9-வது, 20-வது பிரிவுகள், கருவிகளோடு சேர்த்து உயிருள்ள உதவிகளையும் அரசுகள் கிடைக்கச் செய்யணும் என்கின்றன. மூலத்தில் உள்ள அந்தச் சொல்லுக்குள் மனிதரும் வருவார், விலங்கும் வரும் என்றே பொதுவாகப் புரிந்துகொள்ளப்படுது.

நீதிமன்றங்களும் கடுமையாகவே பேசியிருக்கு. மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷை 2012-ல் விமானத்தில் இருந்து இறக்கிவிட்ட வழக்கில், 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி 2016-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளியின் கண்ணியம் சலுகை இல்லை, உரிமை என்பதுதான் அதன் சாரம். 2024 நவம்பர் 8-ல் ராஜீவ் ரதுரி வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக இருக்கணும் என்றும் சொன்னது.

ஆக, சட்டத்தின் திசை தெளிவு. ஆனால் 'சேவை நாயை அனுமதிக்க வேண்டும்' என்று ஒரே வரியில் செக்யூரிட்டியிடம் காட்டக்கூடிய பிரிவு இல்லை. அந்த ஒரு வரி இல்லாததுதான் வாசலில் வாக்குவாதமாக மாறுது.

மேலே சொன்ன 2025 உச்ச நீதிமன்ற உத்தரவு இதைத் தடுக்குதா? இல்லை. அது தெரு நாய்கள் பற்றியது. உரிமையாளரோடு, பட்டை கட்டி, தடுப்பூசி போட்டு வரும் நாய்க்கு அதைக் காட்டி 'கோர்ட் ஆர்டர்' என்று சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரிக்குள் நாய் வந்தால் கிருமி பரவாதா?

நியாயமான கேள்வி. இதற்குப் பல நாடுகளில் ஒரு எளிய கோடு போட்டிருக்கிறார்கள். சாதாரண உடையில் பொதுமக்கள் போகக்கூடிய இடம் வரை சேவை நாயும் போகலாம். அதாவது ஓ.பி., காத்திருப்புக் கூடம், மருந்து கவுன்டர், கேன்டீன், சாதாரண வார்டு. கவுன் போட்டு, முகக்கவசம் மாட்டி நுழைய வேண்டிய ஆபரேஷன் தியேட்டர், தீக்காயப் பிரிவு போன்ற இடங்களுக்குப் போகக் கூடாது. அலர்ஜி இருக்கிறவர், நாய் பயம் இருக்கிறவர் பக்கத்தில் இருந்தால் இடம் மாற்றி உட்கார வைப்பது. நாய் குரைத்து ரகளை செய்தாலோ அசுத்தம் செய்தாலோ வெளியே அனுப்பும் உரிமை மருத்துவமனைக்கு உண்டு.

அமெரிக்காவில் நுழைவாயிலில் இரண்டே கேள்விதான் கேட்கலாம். இது மாற்றுத்திறன் காரணமாகத் தேவைப்படும் நாயா? என்ன வேலை செய்ய பயிற்சி பெற்றது? என்ன நோய் என்றோ, செய்து காட்டு என்றோ கேட்கக் கூடாது.

பிரான்ஸில் எப்படி?

புதுச்சேரிக்காரர்களுக்கு இது சுவாரஸ்யமாக இருக்கும். 1954 வரை இந்த ஊரை ஆண்ட பிரான்ஸில், வழிகாட்டி நாய்க்கும் உதவி நாய்க்கும் பொது இடங்கள், போக்குவரத்து, வேலை செய்யும் இடம் எல்லாவற்றிலும் நுழைய 1987-ம் ஆண்டு சட்டமே அனுமதி தருது. தடுத்தால் அபராதம். ஜப்பான் 2002-ல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. பாரிஸில் இருந்து வழிகாட்டி நாயோடு புதுச்சேரிக்கு வரும் ஒருவர், அங்கே உணவகத்தில் சட்டப்படி உட்கார்ந்தவர், இங்கே கடைக்காரரின் மனசை நம்பித்தான் உட்காரணும்.

வெளிநாட்டில் இருந்து நாயைக் கொண்டுவர நினைப்பவர்கள், சென்னையில் உள்ள மத்திய அரசின் விலங்குகள் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் முன்கூட்டியே தடையில்லாச் சான்று வாங்கணும். தடுப்பூசிச் சான்றும் உடல்நலச் சான்றும் கட்டாயம்.

விமானம், ரயில், வாடகை வீடு?

விமானம்: மூன்றில் இதுதான் தெளிவாக இருக்கு. பயிற்சி பெற்ற வழிகாட்டி நாயை, பட்டை கட்டி, பயணியின் காலடியில் உட்கார வைத்து கேபினில் கொண்டுபோக முக்கிய இந்திய விமான நிறுவனங்கள் கட்டணமில்லாமல் அனுமதிக்கின்றன. முன்கூட்டியே தெரிவிக்கணும். சான்றிதழ்கள் கையில் இருக்கணும்.

ரயில்: பொதுவாக நாயை ஏ.சி. முதல் வகுப்பில் கூபே அல்லது முழு கேபின் கிடைத்தால்தான் உடன் கொண்டுபோக முடியும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில். கூண்டில் போட்ட வழிகாட்டி நாயால் யாருக்கு வழிகாட்ட முடியும்? வழிகாட்டி நாயோடு போகிறவர்கள் புக் செய்யும் முன்பே ரயில் நிலைய அதிகாரிகளிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

வாடகை வீடு: செல்லப்பிராணி வளர்ப்பதை அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கங்கள் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது.

கோரிமேட்டில் தடுத்தால் யாரிடம் புகார் தரலாம்?

இங்கே ஒரு சிக்கல் இருக்கு. கோரிமேடு எல்லைப் பகுதி. நாலு தெரு தாண்டினால் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். அதனால் எங்கே தடுத்தார்கள் என்பதைப் பொறுத்து கதவு மாறும்.

• ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் இருந்து வளர்ந்தது. மத்திய நிறுவனங்கள் பற்றிய புகாருக்கு டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர்.

• புதுச்சேரி அரசு அலுவலகம், உள்ளூர் பஸ், கடை என்றால் புதுச்சேரியின் மாற்றுத்திறனாளிகள் ஆணையர்.

• எல்லை தாண்டி தமிழ்நாட்டுப் பகுதியில் நடந்தால் தமிழ்நாட்டின் மாநில ஆணையர்.

புகாரில் தேதி, நேரம், இடம், என்ன சொல்லித் தடுத்தார்கள் என்பதை எழுதணும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல், நாயின் பயிற்சிச் சான்று, ரேபீஸ் தடுப்பூசிச் சான்று இணைக்கணும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10 ஆயிரம் ரூபாய் வரையிலும், அதன்பின் 50 ஆயிரம் முதல் 5 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க 89-வது பிரிவில் இடம் இருக்கு. பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 92-வது பிரிவில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

மருத்துவமனை போகும் முன் நிர்வாகத்துக்கு ஒரு கடிதமோ மெயிலோ அனுப்பிவிட்டால் வாசல் வாக்குவாதம் பாதி குறையும். நாயின் சிகிச்சை, தடுப்பூசிக்கு குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

எல்லோருக்கும் நாய்தான் தீர்வா?

இல்லை. நாய்க்கு சாப்பாடு, குளியல், காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போவது, டாக்டர் செலவு எல்லாம் உண்டு. மழை பெய்தாலும் காய்ச்சல் வந்தாலும் அந்த வேலை நிற்காது. வெள்ளைக் கோலைச் சுவரோரம் சாத்திவிட்டுத் தூங்கலாம், நாயை அப்படி வைக்க முடியாது. கோல் பிடித்து நன்றாக நடக்கத் தெரிந்தவர்களுக்கே வழிகாட்டி நாய் தருவதும் பல பள்ளிகளில் வழக்கம். டெல்லி ஐ.ஐ.டி. உருவாக்கிய ஸ்மார்ட்கேன் 2014 முதல் கிடைக்குது. முழங்காலுக்கு மேல் உயரத்தில் உள்ள தடைகளை ஒலி அலையால் கண்டுபிடித்து கையில் அதிர்வாகச் சொல்லும். கோலா, கருவியா, நாயா என்று தேர்வு செய்யும் உரிமை அவருடையது. நாய் கிடைக்கவே கிடைக்காது, கிடைத்தாலும் வெளியே விடமாட்டார்கள் என்றால் அதற்குப் பெயர் தேர்வு இல்லை.

வழியில் பார்த்தால் நாம் என்ன செய்யணும்?

• பட்டை கட்டியிருக்கும் நாயைத் தொடாதீங்க, கூப்பிடாதீங்க, போட்டோவுக்காக விசில் அடிக்காதீங்க. அது வேலையில் இருக்கு. ஒரு நொடி கவனம் சிதறினால் அடி விழுவது மனிதருக்கு.

• பிஸ்கட் போடாதீங்க. அன்பாகத்தான் போடுகிறோம் என்றாலும், அடுத்த முறை அது வழியைப் பார்க்காமல் உங்கள் கையைப் பார்க்கும்.

• உதவி செய்ய நினைத்தால் நாயிடம் போகாதீங்க, மனிதரிடம் பேசுங்க. 'உதவி வேணுங்களா?' என்று முதலில் கேளுங்க. பட்டையைப் பிடித்து இழுக்கவே கூடாது.

• உங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு போகும்போது எதிரே வந்தால், கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஓரமாக ஒதுங்குங்க. தெரு நாய்கள் நெருங்கினால் விரட்டிவிடுங்க. அந்த நேரத்தில் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

• கடை, கிளினிக், ஓட்டல் வைத்திருப்பவர்கள் வேலையாட்களிடம் ஒரு முறை சொல்லி வைங்க: பட்டை கட்டிய வழிகாட்டி நாயோடு ஒருவர் வந்தால், நாற்காலி பக்கத்தில் நாய் படுக்க ரெண்டடி இடம் இருந்தால் போதும்.